கயிறு இழுக்கும் முன் ஒரு நிமிடம்: மரம் அறுக்கும் மெஷினை அறிவோம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து பார்த்தால் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. கீரமங்கலம், வடகாடு பக்கம் தாத்தா வைத்த பலா மரங்கள் வேரோடு புரண்டிருந்தன. புயல் பாதித்த மாவட்டங்களில் சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அறந்தாங்கி வட்டாரத்திலும் சாலையில் வழி திறக்க வேண்டும், வீட்டு ஓட்டின் மேல் விழுந்த மரத்தை எடுக்க வேண்டும். கோடரியால் தீர்கிற வேலையா அது? தைலமரக் கூப்புகளிலும் மரவாடிகளிலும் உறுமிக்கொண்டிருந்த செயின் சா அப்போது ஊர் ஊராக வந்து இறங்கியது.

இன்று சீமைக்கருவேலம் வெட்டவும், காய்ப்பு நின்ற தென்னையைச் சாய்க்கவும் அதைத்தான் கூப்பிடுகிறோம். ‘மரம் அறுக்கிற மெஷின்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பது அதை ஓட்டுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அது வந்த கதை. ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி வாள் ஒன்றைச் செய்தார். எடை 64 கிலோ. தூக்கிப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். அன்றைய சங்கிலிகளின் பற்கள் கைரம்பத்தைப் பார்த்துச் செய்தவை. மரத்தைச் சுரண்டின, சீக்கிரம் மழுங்கின. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் காடுகளில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அது தாடைகளை இடமும் வலமும் அசைத்து, மரத்தைச் சீவிச் சீவி முன்னேறியது. அந்தத் தாடையின் வளைவையே பல்லாக்கி, இடது பல், வலது பல் என்று மாற்றி மாற்றிக் கோத்தார். இன்று நம் ஊரில் ஓடும் சங்கிலியிலும் இருப்பது அந்தப் புழுவின் வாய்தான்.

எஞ்சின் பழைய மொபட்டில் இருந்தது போன்ற டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு 2டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும்; கம்பெனி சொன்ன அளவு பிசகக் கூடாது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வேகம் ஏறி கிளட்ச் பிடிக்கும். முன்னால் நீண்டிருக்கும் தகடான பாரைச் சுற்றிச் சங்கிலி ஓடும். விட்டால் எஞ்சின் மட்டும் இரையும், சங்கிலி நிற்கும். கையை எடுத்த பிறகும் சங்கிலி ஊர்ந்தால் மெஷினை அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

அரிவாளின் வேகம் நம் கையின் வேகம். செயின் சாவின் சங்கிலியோ நொடிக்குச் சுமார் 20 மீட்டர், மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நொடிக்கு ஏறக்குறைய 500 பற்கள் ஒரே இடத்தைக் கடக்கின்றன. இந்த மெஷினைப் பற்றிய எல்லா எச்சரிக்கைக்கும் காரணம் இந்தக் கணக்குத்தான்.

இதில் வரும் ஆபத்துகளில் மோசமானது ‘உதை’. பாரின் மூக்கில் மேல்பாதி ஏதாவது கிளையிலோ கட்டையிலோ பட்டால், பல் சீவ முடியாமல் மாட்டிக்கொள்ளும். எஞ்சினின் மொத்த விசையும் திரும்பி, பாரை ஓட்டுபவரின் முகத்தை நோக்கி மேலே எறியும். பத்தில் ஒரு பங்கு நொடியில் முடிந்துவிடுகிற காரியம் இது. ஆபத்தை உணர்ந்து கையை அசைக்க நமக்கு அதைப்போல் இரு மடங்கு நேரம் வேண்டும். ‘நான் சுதாரித்துக்கொள்வேன்’ என்பவர் நடக்க முடியாததைச் சொல்கிறார்.

அதனால்தான் முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்கிறது. உதைக்கும்போது அது முன்னே சாய்ந்து சங்கிலியை நிறுத்தும். இதுதான் செயின் பிரேக். இடது கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இறுக்கியிருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும் வேண்டவே வேண்டாம்.

புயலில் விழுந்த மரம் நிற்கிற மரத்தைவிடப் பொல்லாதது. இரண்டு மேட்டின் மேல் பாலம் போலக் கிடக்கும் மரத்தில் மேல்பக்கம் நெருக்குண்டும், அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு வாய் மூடி, பாரைக் கவ்விக்கொள்ளும். நெருக்குண்ட பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியை இழுபட்ட பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும் பாரம் குறைந்து, வேர்க்கட்டி பழைய குழிக்குள்ளேயே சட்டென்று நிமிர்ந்து உட்காரலாம். அந்தக் குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது. பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. மின்கம்பி சிக்கிய மரத்தை, மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை தொடக் கூடாது.

தென்னைக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. நடுவில் சோறு போல மெத்தென்றிருக்கும், வெளிச்சுற்றோ இரும்பு. மணல் ஒட்டியிருந்தால் பல் இன்னும் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பல்லை அடையாளம் காண்பது எளிது: சீவலாக வர வேண்டிய தூள் மாவாக வரும். அப்போது அழுத்தி அறுக்கத் தோன்றும். அழுத்தாதீர்கள், அரத்தை எடுங்கள்.

மடித்துக் கட்டிய கைலியும் கழுத்தில் துண்டுமாக இந்த மெஷினைப் பிடிப்பதை எங்கும் பார்க்கலாம். சங்கிலிக்குத் துணி கிடைத்தால் உடலும் கிடைத்த மாதிரிதான். இதற்கென்று தைத்த கால்சட்டையில் நீள நீளமான இழைகள் அடைத்திருக்கும்; பல் பட்டதும் அவை உருவிவந்து சங்கிலியைச் சுற்றி நிறுத்திவிடும். அது கிடைக்காவிட்டாலும் முழுக்கால் பேன்ட், ஷூ, கண்ணாடி, தலைக்கவசம் குறையக் கூடாது. சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவதால் காதடைப்பும் வேண்டும். வருடக்கணக்கில் அதிர்வு பட்டால் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் நோயும் வரும். அவ்வப்போது மெஷினைக் கீழே வைத்துக் கைக்கு ஓய்வு கொடுங்கள்.

மெஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடியை வலது காலால் மிதித்து, இடது கையால் முன் கைப்பிடியை அழுத்திக்கொண்டு கயிற்றை இழுங்கள். அதற்கு முன் ஒரு நிமிடம் செலவிட்டு மரம் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது, நான் எங்கே விலகுவேன், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். சங்கிலி ஓடத் தொடங்கிய பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

அடுத்த முறை உங்கள் தோப்புக்கு ஆள் கூப்பிடும்போது கூலி பேசுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: “அண்ணே, செயின் பிரேக் வேலை செய்யுதா?” அதைக் கழற்றிப் போட்டுவிட்டேன் என்று பதில் வந்தால், மரம் இன்னும் ஒரு நாள் கிடந்துவிட்டுப் போகட்டும்.