கடவுச்சொல்லும் பெட்டகச் சாவியும்

பள்ளியில் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான விதிகள் யாருக்கு?

2024 நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை, தெற்குக் கொல்கத்தாவில் நாங்கள் பணியாற்றும் கிளைக்கு ஒரு தந்தையும், பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகளும் வந்தனர். பாஸ்புக் பதிவிடும் இயந்திரத்தில் மூன்று முறை பதிவிட்டுப் பார்த்துவிட்டனர். எதிர்பார்த்த 10,000 ரூபாய் வரவில்லை. உடன் பயிலும் தோழியருக்கு வந்துவிட்டது. பள்ளியில் கேட்டபோது, பணம் அனுப்பப்பட்டுவிட்டதாகக் கூறினார்களாம். நாங்கள் கணினியில் தேடிப் பார்த்தோம். அத்தொகை அம்மாணவியின் கணக்கை நோக்கி வரவேயில்லை.

சில நாள்களில் காரணம் விளங்கிற்று. மேற்கு வங்க அரசு, கொரோனாக் காலத்தில் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது கைப்பேசி வாங்க 10,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. 'தருணேர் ஸ்வப்னோ' என்பது திட்டத்தின் பெயர். இளைஞரின் கனவு என்பது அதன் பொருள். 2024-இல் பதினோராம் வகுப்பு மாணவர்களும் இதில் சேர்க்கப்பட்டனர். மாணவரின் பெயரையும் கணக்கு எண்ணையும் பள்ளியே அரசின் இணையத்தளத்தில் பதிவு செய்யும்; பணம் நேரடியாகக் கணக்கில் சேரும்.

அந்த ஆண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பணம் வேறு கணக்குகளுக்குச் சென்றது. தளத்துக்குள் நுழைந்த சிலர், மாணவரின் பெயரை அப்படியே விட்டுவிட்டுக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றியிருந்தனர். கொல்கத்தா காவல்துறை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. உத்தர தினாஜ்பூர் மாவட்டத்தின் சோப்ரா உள்ளிட்ட பல இடங்களில் கைதுகள் நடந்தன. பணம் கிடைக்காத மாணவர்களுக்கு அதை மீண்டும் வழங்குவதாக அரசு அறிவித்தது.

அன்று அம்மாணவி எங்களிடம் கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது: "அந்தத் தளத்தில் நுழைய எனக்கே உரிமையில்லை. பிறகு என் எண்ணை மாற்றும் உரிமை யாரிடம் இருந்தது?"

விதிகள் யாரை நோக்கி?

பள்ளிகளில் இணையம் குறித்த விதிகளுக்குப் பஞ்சமில்லை. வகுப்பறைக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. கணினிக் கூடத்தில் விளையாட்டுத் தளங்களைத் திறக்கக் கூடாது. மேற்கு வங்கத்தில் பொதுத்தேர்வு அறையில் கைப்பேசியுடன் பிடிபடும் மாணவரின் தேர்வே ரத்தாகிவிடும். இவை தேவையான விதிகளே. ஆனால் இவை அனைத்தும் மாணவரை நோக்கியே விரல் நீட்டுகின்றன. 2024-இல் நேர்ந்த இழப்போ மாணவர் எவரும் விதியை மீறியதால் வந்ததன்று. பெரியவர்களின் பொறுப்பில் இருந்த ஒரு வாயில், பிறர் நுழையும்படி இருந்ததால் வந்தது.

வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள் உண்டு. அவை இருவர் பொறுப்பில் தனித்தனியே இருக்கும். ஒருவரை நம்பாததால் இவ்வழக்கம் ஏற்படவில்லை. நல்லவர் மீதும் வீண்பழி விழக்கூடாது என்பதற்காகவே ஏற்பட்டது. கணினியிலும் அவ்வாறே: ஓர் ஊழியர் பதிவு செய்வதை மற்றோர் அதிகாரி சரிபார்த்து ஒப்புதல் அளித்தால்தான் அது நிறைவேறும். பள்ளியின் கடவுச்சொல்லும் ஒரு பெட்டகச் சாவிதான். அதை அலுவலகச் சுவரில் ஒட்டிவைப்பதும், பதிவுப் பணியை முடிக்க வெளிக் கடைக்காரரிடம் சொல்லியனுப்புவதும், சாவியைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

வங்கிகளாகிய எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. மின்வழிப் பணப் பரிமாற்றத்தில் நெடுங்காலமாகக் கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு வரவு வைக்கப்பட்டு வந்தது. பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படவில்லை. பணம் அனுப்புவதற்கு முன்பே பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை, 2025 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளிலும் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. பெயரைப் படித்துப் பார்த்த பின்னரே அனுப்பும் பழக்கத்தை வாடிக்கையாளர்களும் மேற்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு விட்ட கணக்கு

திசைமாறிய பணம் எங்கேனும் போய்ச் சேர வேண்டுமல்லவா? சிறு தொகைக்குத் தம் கணக்கைப் பிறருக்குப் பயன்படுத்தக் கொடுத்தவர்களின் கணக்குகளே இத்தகைய மோசடிகளுக்கு உதவுகின்றன. மாணவரும் இவ்வலையில் விழுவதுண்டு. "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் போதும்" என்று யாரேனும் கூறினால், அது உதவி கேட்பதாகவே தோன்றும். பின்னர் விசாரணை வரும்போது, கணக்கு முடக்கப்பட்டு முதலில் அழைக்கப்படுபவர் அந்த மாணவர்தான். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66சி பிரிவு மூன்றாண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

பத்து வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே இப்பாடத்தை ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்குவது நன்று.

கைக்கொள்ள வேண்டியவை

மாணவர்களுக்கு:

• பள்ளிக் கணினியில் பணியை முடித்ததும் கணக்கிலிருந்து வெளியேறுக. 'கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா?' என்று கணினி கேட்டால் மறுத்துவிடுக.

• கடவுச்சொல்லை உயிர்த்தோழரிடமும் பகிர வேண்டா. தவறு நேர்ந்தால் நட்பும் ஐயத்துக்கு உள்ளாகும்.

• வங்கிக் கணக்கையோ, ஏ.டி.எம். அட்டையையோ, சிம் அட்டையையோ எவருக்கும் இரவல் தர வேண்டா.

• உதவித்தொகை தருவதாக வரும் இணைப்புகளைத் திறக்குமுன் ஆசிரியரிடம் காட்டுக.

பள்ளிகளுக்கு:

• ஒவ்வோர் ஊழியருக்கும் தனிப் பயனர் பெயர் இருத்தல் வேண்டும். பணி மாறுதலாகிச் செல்பவரின் உரிமையை அன்றே நீக்க வேண்டும்.

• ஒருவர் பதிவு செய்வதை மற்றொருவர் பாஸ்புக் நகலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

• பட்டியலை அனுப்புமுன், ஒவ்வொரு மாணவரிடமும் அவருடைய கணக்கு எண்ணைத் தனியே காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். பலர் கண்ணில் படும் வகையில் பட்டியலை ஒட்டுதல் கூடாது.

பெற்றோருக்கு:

• பிள்ளையின் கணக்குடன் நடப்பிலுள்ள கைப்பேசி எண் இணைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

• மோசடி என்று தெரிந்தால் தாமதியாமல் வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் எண்ணை அழையுங்கள். வாடிக்கையாளர் பிழையோ வங்கியின் பிழையோ இன்றி வெளியாரால் நேர்ந்த மின்னணு மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்தது.

• தவறு செய்த பிள்ளை அச்சமின்றி வீட்டில் சொல்லும் நிலை இருக்கட்டும். திட்டுக்கு அஞ்சி மறைக்கும் ஒரு நாளில் பணம் கைமாறிவிடும்.

அம்மாணவி சில வாரங்கள் கழித்து மீண்டும் கிளைக்கு வந்தாள். பாஸ்புக்கில் 10,000 ரூபாய் வரவு பதிவாகியிருந்தது. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் இழந்த நாள்களை மட்டும் யாராலும் வரவு வைக்க இயலவில்லை. கணக்குடன் இணைந்திருந்தது தந்தையின் பழைய கைப்பேசி எண். அதை மாற்றுவதற்கான படிவத்தை அவளே நிரப்பித் தந்தாள்.

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளிக்குச் செல்லும்போது, மதிப்பெண்ணைக் கேட்பதோடு இதையும் பணிவுடன் கேளுங்கள்: "எங்கள் பிள்ளையின் விவரங்கள் உள்ள தளத்தின் சாவி யார் பொறுப்பில் இருக்கிறது?" விடை உடனே கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால், விதிகளை எழுதத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.