தானியக் கிடங்கில் புறாத் தொல்லை: தடுப்பது எப்படி?

தானியத்தைக் கெடுப்பவை எலியும் வண்டும்தான் என்று எண்ணி, தலைக்கு மேலே உத்திரத்தில் குடியிருக்கும் மாடப்புறாவைப் பலர் கவனிப்பதில்லை. புறா தங்கினால் வீடு செழிக்கும் என்று நம்பித் தானியம் தூவுவோரும் உண்டு. கோயில் கோபுரத்துப் புறாவை நாம் ஒன்றும் செய்யப் போவதில்லை. நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையிலும் மாட்டுத் தொழுவத்திலும் அரிசி ஆலையிலும் அது குடியேறினால் நஷ்டம் நமக்குத்தான்.

ஒரு புறா நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் தானியம் தின்னும். 50 புறாக்கள் என்றால் ஒன்றரைக் கிலோ, மாதத்துக்கு 45 கிலோ. அத்தனையும் ஒருவர் களத்திலேயே போவதில்லை என்றாலும் சிறு விவசாயிக்கு இது சிறிய கணக்கல்ல. சரியாக மூடாமல் விதைத்த பயறையும் சோளத்தையும் பொறுக்கித் தின்றுவிடும்.

தின்பது போக, எச்சத்தால் கெடுவது வேறு. எச்சம் படிந்த தானியம் விலை போகாது. தகரக் கூரையும் எச்சம் தேங்கிய இடத்தில் அரித்துப் போகும். காய்ந்த எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் நோய் வரக்கூடும். முதியோரும் ஆஸ்துமா உள்ளவர்களும் அங்கே படுத்துறங்குவது நல்லதல்ல. கோழி வளர்ப்போர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோயின் கிருமியைப் புறாவும் சுமந்து வரும். ஆகவே கோழித் தீவனத் தட்டில் புறா இறங்க விடக்கூடாது.

கொன்றால் தீருமா?

தீராது. ஒரு ஜோடி, ஈட்டுக்கு இரண்டு முட்டை இடும். சுமார் 18 நாளில் பொரியும், ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு பறந்துவிடும். தீனி கிடைத்தால் ஆண்டில் பல ஈடுகள் உண்டு. ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகரில் 1961 முதல் 1985 வரை சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றும் கூட்டம் குறையவில்லை. 1988-இல் தீனி போடுவதை நிறுத்தும்படி மக்களிடம் எடுத்துச் சொல்லத் தொடங்கிய பிறகு, நான்கு ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தது. தீனிதான் விஷயம்.

விஷம் வைப்பது அறவே கூடாது. அதே தானியத்தைக் கோழியும் மயிலும் தின்னும். செத்த புறாவைத் தின்று நாயும் பூனையும் சாகும். பிடித்துப் போய் வேறு ஊரில் விட்டாலும் பயனில்லை. வழி கண்டு திரும்பிவிடும்.

செய்ய வேண்டியவை

நெல் காயும்போது களத்தில் ஆள் இருக்க வேண்டும். மாலையில் சிந்திய மணிகளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். மாட்டுத் தொட்டியில் மிஞ்சிய தவிடு, புண்ணாக்கை இரவு முழுவதும் விட்டுவைக்கக் கூடாது.

அடுத்தது, தங்கும் இடத்தை அடைப்பது. கிடங்கின் சாளரம், கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து ஆகியவற்றில் இரண்டு அங்குலக் கண்ணுள்ள நைலான் வலையை இழுத்துக் கட்டலாம். காற்று வரும், புறா வராது. ஓரத்தில் கை நுழையும் இடைவெளி விட்டாலும் கட்டிய கூலி வீண். வலையைக் கட்டுமுன் உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பது அவசியம். இருந்தால் அது பறக்கும்வரை பொறுக்க வேண்டும். இல்லாவிடில் உள்ளேயே செத்து நாறும். சுவர் விளிம்பிலும் உத்திரத்தின் மேலும் பலகையைச் செங்குத்தான சாய்வில் பொருத்திவிட்டால் உட்கார்ந்தாலும் வழுக்கும். கூடு கட்டத் தொடங்கியதுமே, முட்டையிடுமுன் குச்சிகளை அகற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பொம்மை ஆந்தை, மின்னும் நாடா இவற்றை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். சில நாள் பயப்படும், பிறகு அந்த ஆந்தையின் தலைமேலேயே உட்காரும்.

பழைய எச்சத்தை உலர்ந்தபடியே கூட்டக்கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். தழைச்சத்து மிகுந்த எரு அது. பச்சையாகப் போட்டால் வேர் கருகும். எருக்குழியில் சாணம், குப்பையோடு சேர்த்து நன்றாக மக்கவிட்டுத் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம்.