பழைய எண்ணெய் எஞ்சின்களும் டிராக்டர்களும்: ஓட்டத் தொடங்குகையில் நேரும் பிசகுகள்

பழனித் தாலூகாவின் கிணற்றடிகளுக்கு மின்சாரம் வந்தபின் எண்ணெய் எஞ்சின் தன் பழைய முதலிடத்தை இழந்துவிட்டது. ஆயினும் அது அடியோடு ஒழிந்துவிடவில்லை. நெய்க்காரப்பட்டி, பாலசமுத்திரம், ஆயக்குடி முதலிய பக்கங்களில், கொட்டகையின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும் பழைய எஞ்சின், மின்சாரம் நின்று கரும்பும் கொய்யாவும் வாடத் தொடங்கும் நாளில் நினைவுக்கு வருகிறது. மலைமேல் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களிலோ பூண்டும் உருளைக்கிழங்கும் பயிராகும் படி நிலங்கள் குறுகியவையாதலால், ஓடை நீரை ஏற்ற இருவர் தூக்கிச் செல்லும் சிறு எஞ்சினும், உழவுக்குப் பவர் டில்லரும் வேண்டியிருக்கின்றன.

அவசர நாளில் சாக்கை விலக்கிக் கைப்பிடியைச் சுழற்றினால் எஞ்சின் ஓடுவதில்லை. நான்கு பேர் மாறி மாறிச் சுழற்றிக் களைக்கிறார்கள். பழனிக்கு ஆள் போகிறது. பிற்பகலில் மெக்கானிக் வந்து, மூடிக் கிடந்த எண்ணெய்க் குழாயைத் திறந்துவிட்டு, வழிச்செலவும் கூலியும் பெற்றுக்கொண்டு போகிறார். ஒரு நாள் பாசனம் போயிற்று. இவ்விதப் பிசகுகளைக் கேட்டு நகைப்பவர்கள் உண்டு. ஆனால் நாளைக் கெடுக்கும் பிசகும் ஆளைக் கெடுக்கும் பிசகும் ஒரே அவசரத்திலிருந்து பிறக்கின்றன என்பதையும், காலையில் தெரியவரும் பிசகு பெரும்பாலும் முந்தின மாலை யந்திரத்தை நிறுத்தியபோதே செய்யப்பட்டது என்பதையும் கவனித்தால் நகைப்புக்கு இடமில்லை.

சென்னை மாகாணத்தில் 20-ம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அதிகாரி, கவலை ஏற்றத்துக்குப் பதிலாக எண்ணெய் எஞ்சினும் பம்பும் கொண்டு நீரிறைக்கும் முறையைப் பரப்ப முயன்றார். 1930-ஐ ஒட்டி இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி வெளியிட்ட, மெதுவாய்ச் சுழலும் டீசல் எஞ்சின், அதன் பின்னர் ராஜ்கோட்டில் அதே மாதிரியாய்ச் செய்யப்பட்டு நாடெங்கும் பரவியது. நன்றாய்க் காப்பாற்றினால் இவ்வகை எஞ்சின் ஒரு தலைமுறைக்கு மேலும் உழைக்கும். ஆகையால் ஓடவில்லை என்றவுடன் யந்திரத்தின் வயதைப் பழிப்பது நியாயமன்று.

மலையூர்களின் சிறு எஞ்சினை முதலில் எடுத்துக்கொள்வோம். இது பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை; எஞ்சின் சூடேறிய பின்னரே அதற்கு மாற்ற வேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எண்ணி உடனே மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி, அடியிலுள்ள மசகெண்ணெயில் கலந்து அதை நீர்த்துப் போகச் செய்யும். எண்ணெய் அளவுகோலில் மட்டம் குறையாமல் ஏறியிருப்பதைக் கண்டு மகிழ்பவர் உண்டு. அது கேட்டின் குறி. இதனினும் சாதாரணமான பிசகு நிறுத்தும்போது நேர்கிறது. வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்திவிட்டால், கார்புரெட்டரின் கிண்ணம் முழுதும் மண்ணெண்ணெய் தங்கும். மறுநாள் காலை பெட்ரோல் குழாயை எவ்வளவு திறந்தும் பயனில்லை. கிண்ணத்தில் இடமிருந்தாலல்லவோ பெட்ரோல் உள்ளே வரும்! நிறுத்துமுன் சில நிமிஷம் பெட்ரோலில் ஓடவிடுவதே இதற்கு மருந்து. தவறியிருந்தால் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி வடித்துவிட வேண்டும்.

டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. உள்ளே இழுக்கப்பட்ட காற்று சுமார் பதினாறில் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, 500 டிகிரிக்கு மேல் சூடாகி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றுகிறது. ஆகவே சுழற்சி வேகம் போதாவிட்டால் காற்று தேய்ந்த வளையங்களின் வழியே கசியும். குளிர்ந்த இரும்பும் சூட்டை உறிஞ்சும். மெல்ல ஐம்பது சுற்றுச் சுற்றுவதைவிட டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுப் பத்துச் சுற்று வேகமாய்ச் சுற்றி, லீவரை விடுவதே பலன் தரும். நிறுத்தும் லீவர் முந்தின நாள் இழுத்தபடியே கிடக்கிறதா என்று பார்ப்பவர் சிலரே. தொட்டி மூடியின் சிறு காற்றுத் துளை தூசியால் அடைபட்டிருந்தால் எஞ்சின் சிறிது ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியவுடன் மறுபடி ஓடும். தொட்டி வற்றும்வரை ஓட்டிவிட்டால் குழாயில் ஏர் பிடித்துக்கொள்ளும். அப்போது தொட்டியை நிரப்பினால் மாத்திரம் போதாது. வடிகட்டியின் மேல்திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வருமட்டும் வெளியே விட்டு முடுக்க வேண்டும்.

கோடைக்கானல் கடல் மட்டத்துக்குச் சுமார் 7,000 அடி மேலுள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் நான்கில் மூன்று பங்கைச் சிறிதே மிஞ்சும். மார்கழி, தை மாதங்களின் விடியற்குளிரும் சேர்ந்தால், பழனியில் முதற் சுற்றில் ஓடிய எஞ்சின் மலையில் முரண்டு பிடிப்பதில் வியப்பில்லை. இதற்குக் கைகண்டதென்று சிலர் செய்யும் வைத்தியங்கள் அபாயமானவை. காற்று வடிகட்டியருகே கொளுத்திய துணியைப் பிடித்தால் வடிகட்டியின் எண்ணெயே தீப்பற்றக்கூடும். கொதிக்கும் நீரைக் குளிர்ந்த எஞ்சினில் ஊற்றினால் வார்ப்பு விரிசல் காணும். கை பொறுக்கும் வெந்நீர் போதும். ஈதர் தெளிப்பானைச் சூடேற்றும் பிளக் உள்ள எஞ்சினில் அடித்தால் உள்ளேயே வெடிக்கும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடியும் நீர் ஏறவில்லை என்று பம்பைப் பழிப்பவர் மலையில் அநேகர். பம்பு நீரை உறிஞ்சுவதாகச் சொன்னாலும், உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. கடற்கரையில் அவ்வழுத்தம் கணக்குப்படி 34 அடி நீரைத் தாங்கும். கோடைக்கானலில் 26 அடியே. நடைமுறையில் கிடைப்பது இரண்டிடத்திலும் இதனினும் வெகு குறைவு. ஆகவே கீழே சரியாய் வேலை செய்த பம்பை மலையில் ஓடைக்கு ஏழெட்டு அடி நெருக்கமாய் வைக்க வேண்டியிருக்கும்.

இனி ஆளைக் கெடுக்கும் பிசகுகள். கைப்பிடியைப் பிடிக்கையில் கட்டைவிரலைச் சுற்றி மடக்குவது இயல்பு. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மடங்கிய விரலோ மணிக்கட்டோ முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிடி தானே நழுவிப்போகும். மேல்துண்டைக் களைந்து, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிய பின்னரே சுழல்சக்கரத்தின் அருகே செல்ல வேண்டும். சில எஞ்சின்கள் உதைத்தபின் எதிர்ப்புறமாகவே ஓடத் தொடங்குவதும் உண்டு. ஜெர்மனியில் 1921-ல் வெளிவந்த லான்ஸ் புல்டாக் டிராக்டருக்குப் பின்னோட்டக் கியரே கிடையாது; எஞ்சினையே எதிராய்ச் சுழலச் செய்து பின்னோக்கி ஓட்டினார்கள். அங்கே ஏற்பாடாய் இருந்தது நம் கிணற்றடி எஞ்சினில் விபத்து. காற்று வடிகட்டி வழியே புகை வந்தால் உடனே எண்ணெயை அடைத்து நிறுத்த வேண்டும்.

டிராக்டரில் கொடிய பிசகு, சாவி வேலை செய்யாதபோது தரையில் நின்றுகொண்டே ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்பானரால் தொட்டு ஓட்டுவது. வண்டி கியரில் இருந்தால், அந்தக் கணமே நகர்ந்து, பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர்மேல் ஏறிவிடும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுழலாதபடி தடுக்கும் சுவிட்சு பல டிராக்டர்களில் உண்டு. ஸ்பானர் அந்தக் காவலைத் தாண்டிப் போகிறது. ஆசனத்தில் அமர்ந்து, கியரை நடுவில் வைத்து, ரோட்டவேட்டர் இணைப்பையும் விடுவித்த பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும். பாட்டரி வலுவிழந்ததென்று மலைச்சரிவில் வண்டியை நிறுத்தி, காலையில் உருட்டி ஓட்டுவது மற்றொரு பழக்கம். எஞ்சின் பிடிக்காமல் போனால் சரிவில் மீதியிருப்பது தேய்ந்த பிரேக் ஒன்றே. பாட்டரிக்கு ஆகும் செலவை இதோடு ஒப்பிடுவதே தகாது. பவர் டில்லரையும் கியரில் விட்டுக் கைப்பிடி சுழற்றினால், குறுகிய படியிலிருந்து ஆளோடு கீழ்ப்படிக்குப் பாயும்.

எல்லாவற்றிலும் பெரிய பிசகு கிணற்றுக்குள் நேர்வது. நீர்மட்டம் தாழ்ந்த காலத்தில் எஞ்சினை உள்மேடையில் இறக்கி ஓட்டும் வழக்கம் உண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுவது. எஞ்சின் தானே நின்றுபோகிறது. மறுபடி ஓட்ட ஒருவர் இறங்கி மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாமல் எரிவதால் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. உயிரைக் கொல்லும் அளவு இந்த வாயு கலந்திருந்தும் விளக்கு எரியும். எஞ்சினை மேலேயே வைப்பதுதான் வழி. உறிஞ்சும் தூரம் போதாவிடில் நீருக்குள் அமிழும் மின்பம்பைப் போட வேண்டும். ஒருவர் விழுந்துவிட்டால் பின்னால் யாரும் இறங்காமல், 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்தாரை அழைக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களிலும் வேளாண்மைப் பொறியியல் துறையிலும் யந்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நான்கு பங்காளிகள் சேர்ந்து ஒரு எஞ்சின் வைத்திருப்பதும் சாதாரணம். பல கை மாறும் யந்திரத்தை நேற்று நிறுத்தியவர் ஒருவர், இன்று ஓட்டுபவர் வேறொருவர். குழாய் மூடியதா, கிண்ணத்தில் இருப்பது எது, கியர் எங்கே என்பது நேற்றையவருக்கே தெரியும். ரசீது எழுதிச் சாமானைப் பெறுபவர்கள் இதைக் கேட்பதில்லை. கொட்டகையில் ஒரு பலகை மாட்டி, நிறுத்தியவர் பெயர், தேதி, தொட்டியில் மீதி, குழாயும் லீவரும் விட்ட நிலை, கண்ட குறை ஆகியவற்றைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதச் செய்யலாம். எழுதத் தெரியாதவர் அடுத்தவரிடம் வாயால் சொல்லி, அவரைக் கொண்டு எழுதுவிக்கலாம். பலகை காலியாயிருந்தால், கைப்பிடியைத் தொடுமுன் மேற்சொன்ன ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.