ஓ.பி. டம்பில் மரம் மட்டும் நட்டால் போதுமா?

தன்பாத் பக்கம் வாழும் நம்மவர்களுக்கு ஓ.பி. டம்ப் என்றால் என்னவென்று சொல்லவே வேண்டாம். நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணையும் பாறையையும் வெட்டிக் கொட்டிய மலைகள் அவை. நெய்வேலியில் உறவுள்ளவர்களுக்கும் பழகிய காட்சிதான். "அதுல மரம் வெச்சா வருமா சார்?" என்று சங்கத்து நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. வரும். ஆனால் மரத்தை நிலைக்க வைக்கும் கூட்டாளி மண்ணுக்குள் இருக்கணும்.

அந்தக் கூட்டாளி, வேர்ப்பூஞ்சை. பூஞ்சையும் வேரும் சேர்ந்து வாழும் இந்த உறவுக்கு 1885-இல் ஜெர்மானிய அறிஞர் ஃபிராங்க் 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். 'பூஞ்சை வேர்' என்பது பொருள். நம் ஊர் விவசாயிகள் 'வேம்' என்று வாங்கிப் போடும் உயிர் உரமும் இதில் ஒரு வகைதான். வேர் நுழைய முடியாத இடுக்கிலும் பூஞ்சை இழை நுழைந்து மணிச்சத்தைக் கொண்டுவரும். கூலியாக மரம் சர்க்கரை கொடுக்கும். மணிச்சத்து சொற்பமான டம்ப் மண்ணில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் கன்று தேறுவது கஷ்டம்.

ஏதாவது ஒரு பூஞ்சை இருந்தால் போதாதா? போதாது. குளோமஸ் வகை வேருக்குள்ளே அதிகம் படரும். ஜைகாஸ்போரா, ஸ்குட்டெல்லோஸ்போரா வகைகள் வெளியே மண்ணில் அதிகம் இழை விடும். மண்துகள்களைக் கட்டிப் பிடிப்பதில் அந்த இழைகளுக்குப் பெரும் பங்குண்டு. மழைக்காலத்தில் டம்ப் சரிவு கரைந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

புல்டோசர் மண்ணைப் புரட்டும்போது இழைவலை அறுந்துபோகும். குளோமஸ் அறுந்த துண்டிலிருந்தும் துளிர்த்துவிடும். மற்ற இரண்டும் பெரும்பாலும் வித்திலிருந்துதான் முளைக்கணும். அதனால்தான் கலைத்துப்போட்ட மண்ணில் குளோமஸே மிஞ்சி நிற்பது வழக்கம்.

மேல்மண்ணைத் தனியே எடுத்து வைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூஞ்சைகள் வளராது. வருஷக்கணக்கில் உயரமாகக் குவித்துப் போட்டால் உள்ளே மெல்ல அழிந்துபோகும். குவியலைத் தாழ்வாக வைத்து, மேலே புல்லும் பயறும் விதைத்து, சீக்கிரமே டம்பில் பரப்பிவிட வேண்டும். கடுகு விதைத்துப் பிரயோசனமில்லை, அது இந்தப் பூஞ்சைகளோடு சேராத குடும்பம்.

இதைச் சோதிப்பதும் பெரிய வித்தையல்ல. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, நுண்சல்லடைகளில் வடித்து, தங்கும் வித்துக்களை நுண்ணோக்கியில் வகை பிரித்து எண்ணலாம். கல்லூரியில் தாவரவியல் படிக்கும் நம் பிள்ளைகளே செய்யலாம்.

எத்தனை கன்று நட்டார்கள் என்று இதுவரை கேட்டோம். இனி, மேல்மண் எங்கே கிடக்கிறது, எத்தனை வருஷமாகக் கிடக்கிறது என்றும் சேர்த்துக் கேட்போம்.