இரும்பின் உள்ளே பார்ப்பது எப்படி?

வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரையச் சொன்னால், மாணவர்களில் சிலராவது கருத்த விளிம்புடன் அழகான வட்டம் ஒன்றை வரைந்து 'உட்கரு' என்று பெயரிட்டுவிடுவார்கள். அது மேல் கண்ணாடியை வைக்கும்போது சிக்கிக்கொண்ட காற்றுக்குமிழி. மாணவர் பார்த்ததைத்தான் வரைந்தார்; ஆனால் அது வெங்காயத்தில் இருந்ததல்ல, நம் கையால் வந்தது.

எது பொருளில் இருந்தது, எது நம் கையால் வந்தது? உலோகத்தை நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

உலோகத்துக்குள் என்ன இருக்கிறது?

உருகிய உலோகம் குளிரும்போது பல இடங்களில் படிகங்கள் தோன்றி வளர்கின்றன. அடுத்த படிகத்தை முட்டும் இடத்தில் அவற்றின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இப்படி உருவான ஒவ்வொரு படிகத்தையும் 'மணி' என்றும், இரண்டு மணிகள் சந்திக்கும் கோட்டை 'மணி எல்லை' என்றும் சொல்லலாம். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியிலும் தகட்டிலும் பூப்பூவாகத் தெரிகிறதே, அவை துத்தநாகப் படிகங்கள்தாம். அங்கே வெறும் கண்ணுக்கே தெரிவது, எஃகில் மிகச் சிறியதாக இருப்பதால் நுண்ணோக்கி தேவைப்படுகிறது.

இதை முதலில் சரியாகச் செய்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி (1826–1908). பாறைகளை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர் அவர். அதுவரை இரும்பை உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்தே தரம் சொல்வது வழக்கம். சார்பி 1863-64இல் எஃகைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலத்தால் இலேசாக அரித்து, உள்ளமைப்பைக் கண்டார். முத்துச்சிப்பிபோல் மினுமினுத்த ஒரு பகுதியை அவர் விவரித்தார். அதுவே பின்னர் 'பியர்லைட்' என்று பெயர் பெற்றது.

ஐந்து படிகள்

1. வெட்டுதல்: தண்ணீர் அல்லது குளிர்விக்கும் திரவம் ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும். சூடு ஏறினால் உள்ளமைப்பே மாறிவிடும்.

2. பதித்தல்: சிறிய துண்டைக் கையில் பிடித்துத் தட்டையாகத் தேய்க்க முடியாது, ஓரங்கள் உருண்டுவிடும். எனவே பேக்கலைட் அல்லது எப்பாக்சி பிசினில் வில்லையாகப் பதிக்கிறார்கள்.

3. தேய்த்தல்: சிலிக்கன் கார்பைடு தாள்களில், சொரசொரப்பானதில் தொடங்கி மென்மையானது வரை, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். தாள் மாறும்போதெல்லாம் மாதிரியை 90° திருப்ப வேண்டும். முந்தைய தாளின் கீறல்கள் முற்றிலும் மறைந்தனவா என்பது அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் மாதிரியையும் கையையும் கழுவ வேண்டும். பழைய தாளின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் அடுத்த படி வீண்.

4. மெருகேற்றுதல்: சுழலும் துணியில் 6, 3, 1 மைக்ரான் அளவுள்ள வைரத்தூள் பசை அல்லது நுண்ணிய அலுமினா கொண்டு கண்ணாடிபோல் ஆக்குகிறார்கள். அமிலம் இடும் முன்பே ஒருமுறை பார்க்க வேண்டும். விரிசல்கள், கசடுத் துகள்கள், வார்ப்பிரும்பிலுள்ள கிராஃபைட் ஆகியவை இந்த நிலையிலேயே தெரியும்.

5. அரித்தல்: எஃகுக்கு வழக்கமான கரைசல், 100 மி.லி. எத்தனாலில் 2 முதல் 5 மி.லி. நைட்ரிக் அமிலம். சில நொடிகள் போதும். உடனே கழுவி உலர்த்த வேண்டும். மணி எல்லைகள் அதிகம் கரைந்து பள்ளமாகின்றன. பள்ளத்தில் விழும் ஒளி சிதறுவதால் அங்கே கருங்கோடு தெரிகிறது.

மெதுவாகக் குளிர்ந்த எஃகில், வெளிர் பகுதி ஏறத்தாழத் தூய இரும்பு (ஃபெரைட்), கருத்த பகுதி பியர்லைட். பியர்லைட்டில் கார்பன் ஏறக்குறைய 0.8%. ஆகவே பரப்பில் பாதி கருப்பாக இருந்தால் அந்த எஃகில் கார்பன் சுமார் 0.4% என்று கணக்கிட்டுவிடலாம்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

கீறல் என்பது மேலே உள்ள கோடு மட்டுமல்ல. அதற்கு அடியிலும் உலோகம் நசுங்கியிருக்கும். மெருகில் மறைந்ததாகத் தோன்றிய கீறல், அமிலம் பட்டதும் மீண்டும் தெரிவது இதனால்தான். வார்ப்பிரும்பில் தேய்ப்பு முரடாக இருந்தால் கிராஃபைட் பெயர்ந்துபோய், அந்தக் குழிகள் வார்ப்புக் குறைபோல் காட்சி தரும்.

கடினமாக்கப்பட்ட பல்சக்கரம் ஒன்று உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். குளிர்விக்காமல் வெட்டியதால் அந்த முகம் மென்மையாகிவிட்டால், 'சரியாகக் கடினமாக்கவில்லை' என்று அறிக்கை வரும். பழி உலைக்காரர்மேல் விழும். உண்மைக் காரணம் தெரியாமலே போகும். அடுத்த சக்கரமும் உடையும்.

வகுப்பில் செய்து பார்க்க

பள்ளி நுண்ணோக்கியில் ஒளி கீழிருந்து மாதிரியின் ஊடே வருகிறது. உலோகத்தில் ஒளி ஊடுருவாது. மேலிருந்து ஒளி பட்டுத் திரும்பும் உலோகவியல் நுண்ணோக்கி வேண்டும். அமிலக் கரைசலைப் பள்ளியில் தயாரிக்க வேண்டாம். அடர் நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் சேரும்போது ஆபத்தான வினை நிகழலாம்.

அமிலம் இல்லாமலே இதன் சாரத்தை உணர்த்தலாம். லேத் பட்டறையில் கிடைக்கும் தட்டையான, ஓரம் மழுக்கிய இரும்புத் துண்டு, மூன்று தர உப்புத்தாள், கைலென்சு போதும். முதல் தாளில் ஒரே திசையில் தேய்த்து, கழுவி, 90° திருப்பி இரண்டாம் தாளில் தேய்க்கட்டும். பழைய திசைக் கீறல் ஒன்றுகூட இல்லை என்று லென்சில் பார்த்து உறுதி செய்த பிறகே மூன்றாம் தாள். ஒரு குழு கழுவாமல் செய்யட்டும். இரண்டு துண்டுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, வேறுபாடு தெரிந்தால் காரணத்தை அவர்களே சொல்லட்டும்.

அடுத்த முறை வெங்காயத் தோல் வகுப்பில் யாராவது காற்றுக்குமிழியை வரைந்தால், உடனே அடித்துவிட வேண்டாம். "இது வெங்காயத்தில் இருந்ததா, நாம் வைத்ததா? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேட்போம். இன்னொரு தோலை மெதுவாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாணவரே சொல்வார்.