முதல் சோப்பு டப்பா என்ன விலை?

வீட்டில் பிளாஸ்டிக் சோப்பு டப்பா இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். எங்காவது கடுகளவு புள்ளி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாசல் அது. உள்பக்கம் சின்ன வட்டத் தழும்புகள் தெரிகின்றனவா? ஆறிய டப்பாவை அச்சிலிருந்து வெளியே தள்ளிய கம்பிகளின் தடம் அது.

அந்த அச்சைப் பட்டறைக்காரர்கள் ‘டை’ என்பார்கள். எஃகுக் கட்டியைக் குடைந்து, மெருகேற்றி, குளிர வைக்கும் தண்ணீர் ஓட உள்ளே துளை போட்டு எடுக்க வாரக்கணக்கில் ஆகும். அது தயாராகிவிட்டால் பிறகு வேகம்தான். பிளாஸ்டிக் குருணையை உருக்கி உள்ளே அழுத்தினால், ஒரு நிமிடம்கூட ஆகாது, டப்பா வந்து விழும்.

நாமே ஒரு கணக்குப் போடுவோம். டை செய்ய 1,20,000 ரூபாய். குருணை, மின்சாரம், கூலி எல்லாம் சேர்த்து ஒரு டப்பாவுக்கு 4 ரூபாய். ஒரு டப்பாகூடச் செய்யாவிட்டாலும் டை செலவு செலவுதான். அது மாறாச் செலவு. 4 ரூபாய், டப்பாவுக்கு டப்பா கூடிக்கொண்டே போகும் மாறும் செலவு.

மொத்தச் செலவு = 1,20,000 + 4 × டப்பாக்களின் எண்ணிக்கை

ஒரே ஒரு டப்பா செய்து நிறுத்தினால் அதன் அடக்கவிலை 1,20,004 ரூபாய். தங்கத்தில் செய்ததா என்று கேட்பார்கள்! 100 செய்தால் ஒன்று 1,204 ரூபாய். 1,000 செய்தால் 124. ஒரு லட்சம் செய்தால் 5 ரூபாய் 20 காசு. டப்பா அதேதான், டை செலவைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கூடிவிட்டது.

கடைக்கு 10 ரூபாய்க்குக் கொடுப்பதாக வைப்போம். 4 போக 6 ரூபாய் மிஞ்சும். அந்த ஆறு ஆறு ரூபாய் சேர்ந்துதான் டை செலவை அடைக்க வேண்டும். 1,20,000-ஐ 6-ஆல் வகுத்தால் 20,000. இருபதாயிரமாவது டப்பா விற்கும்போதுதான் போட்ட முதல் கைக்கு வரும். இதுதான் லாப நட்டமற்ற புள்ளி.

வரைபடத் தாளில் போட்டுப் பாருங்கள். செலவுக் கோடு 1,20,000 என்ற உயரத்தில் தொடங்கி மெதுவாக ஏறும். வரவுக் கோடு பூஜ்ஜியத்தில் தொடங்கி வேகமாக ஏறி, 20,000-ல் அதை எட்டிப்பிடிக்கும். விலையை 7 ரூபாயாகக் குறைத்தால் 40,000 டப்பா விற்றாக வேண்டும். 4 ரூபாய்க்கே கொடுத்தால்? இரண்டும் இணைகோடுகள், கோடி டப்பா விற்றாலும் சந்திக்கவே மாட்டா. 3 ரூபாய் என்றால், விற்க விற்கக் கையைக் கடிக்கும்.

பாடப்புத்தகத்தில் செலவுக் கோடு நேராகவே போகும். பட்டறையில் அப்படி இல்லை. டை தேய்ந்து இன்னொன்று வாங்கினால் கோடு படிக்கட்டு போல ஒரு குதி குதிக்கும். விமானத் தொழிற்சாலையில் வளையவே செய்யும். எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கு ஆகும் வேலைநேரம் சுமார் 20 சதவீதம் குறைவதை அமெரிக்கப் பொறியாளர் டி. பி. ரைட் 1936-ல் எழுதிக் காட்டினார். (ரைட் சகோதரர்களில் ஒருவர் அல்ல, இவர் வேறு ரைட்!) கை பழகப் பழகக் கூலிச் செலவு குறைகிறது.

அப்படியும் புள்ளியை எட்டாத விமானம் உண்டு. லாக்ஹீட் நிறுவனத்தின் டிரைஸ்டார், மூன்று இன்ஜின் கொண்டது, 1970-ல் முதலில் பறந்தது. வடிவமைப்புக்கும் சோதனைக்கும் கொட்டிய பணம் திரும்ப, சுமார் 500 விமானம் விற்க வேண்டியிருந்தது. இன்ஜின் செய்த ரோல்ஸ் ராய்ஸ் 1971-ல் திவாலாகி, பிரிட்டன் அரசே அதை எடுத்து நடத்த நேர்ந்தது. டிரைஸ்டார் தாமதமாக, அதே அளவுள்ள டிசி-10 முந்திக்கொண்டது. வாங்குபவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1984-ல் உற்பத்தி நின்றபோது செய்திருந்தது 250 விமானங்கள். பறப்பதில் அது அருமையான விமானம் என்றே பெயர். ஆனால் லாக்ஹீட் அதற்குப் பிறகு பயணிகள் ஜெட் விமானம் எதுவும் செய்யவில்லை.