காந்தப் பரிவும் கதிர் நலிவும்

மருத்துவப் படங்கள் உடலை உள்ளவாறே காட்டுவன என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் அவற்றுட் பல, அளவீட்டோடு கணிப்பும் எடுகோளும் கலந்து பெறப்படுவன. பொசித்திரன் வெளியீட்டுப் படத்தையும், எம்.ஆர்.ஐ. எனப் பரவலாக அறியப்படும் காந்தப் பரிவுப் படத்தையும் ஒருங்கே எடுக்கும் கருவி இதற்குத் தக்க சான்றாகும்.

பொசித்திரன் முறையில், புளோரீன்-18 சேர்க்கப்பட்ட குளுக்கோசுப் பொருள் குருதியிற் செலுத்தப்படுகின்றது. புற்றுக் கலங்கள் பல இதனை மிகுதியாக உள்ளெடுக்கும். அங்கு வெளிப்படும் பொசித்திரன் அயலிலுள்ள இலத்திரனோடு சேர்ந்தழிய, 511 கிலோ இலத்திரன் உவோற்றுச் சத்தியுடைய இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளிற் புறப்படுகின்றன. இரண்டும் ஒருங்கே உணரப்பட்டாலன்றி அந்நிகழ்வு கணக்கில் வராது. வழியிலுள்ள இழையங்களோ கதிர்களைச் சிதறச் செய்கின்றன. 20 சென்ரிமீற்றர் நீரைக் கடக்கவேண்டிய சோடிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 மட்டுமே தப்பிவரும். இவ்விழப்பே நலிவு எனப்படும். இதனைத் திருத்தாவிடின் ஆழத்திலுள்ள கட்டி மங்கித் தோன்றும்.

சோடி தப்பும் நிகழ்தகவு அது தோன்றிய ஆழத்தைச் சார்ந்ததன்று. ஒரு கதிரின் வழி குறுகினால் மற்றையதன் வழி நீளும். கூட்டுத்தொகை உடலின் முழுத் தடிப்பேயாகும். எனவே, உடலின் எப்பகுதி எவ்வளவு கதிரைத் தடுக்கும் என்பது தெரிந்தால் திருத்தம் எளிது. எக்ஸ் கதிர் வெட்டுமுகப் படம் இத்தகவலைத் தருகின்றது. ஏனெனில் எக்ஸ் கதிரும் இழையங்களால் நலிவுறுவதே.

காந்தப் பரிவு முறை அளப்பது ஐதரசன் புரோத்தன்களின் சமிக்ஞையை; கதிர்த் தடுப்பையன்று. அடர்ந்த எலும்பின் சமிக்ஞை மிக விரைவில் அடங்கிவிடுவதால், வழக்கமான படத்தில் எலும்பும் காற்றும் ஒன்றுபோலக் கருமையாகவே தெரியும். முன்னையது கதிரை மிகுதியாகத் தடுப்பது. பின்னையது பெரும்பாலும் தடுக்காதது. முரண்பாடு இங்கேதான் எழுகின்றது.

1984இல் டிக்சன் வெளியிட்ட, நீரையும் கொழுப்பையும் பிரித்தறியும் முறை இதற்கு ஒரு வழி காட்டியது. அதன் துணையுடன் உடலைக் காற்று, நுரையீரல், கொழுப்பு, மென்னிழையம் என வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைத்த பெறுமானம் வழங்கினர். எலும்பு மென்னிழையமாகவே கொள்ளப்பட்டமையால், மண்டையோட்டை அடுத்த மூளைப் புறணியின் செயற்பாடு குறைத்து மதிப்பிடப்பட்டது. எலும்பின் குறுகிய சமிக்ஞையை விரைந்து பற்றும் முறைகளும், பிறருடைய எலும்புப் படங்களைக் கொண்டு ஊகிக்கும் முறைகளும் பின்னர் தோன்றின. பின்னையவற்றின் செம்மை, யாருடைய உடல்கள் மாதிரியாகக் கொள்ளப்பட்டன என்பதிலே தங்கியுள்ளது.

தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை இயங்கும் எமது குடாநாட்டிலிருந்து நோக்குகையில் இவ்வினா கூர்மையடைகின்றது. 2009இல் முடிவுற்ற போரின் எறிகணைச் சிதறல்களை உடலிற் சுமப்போர் எம்மிடையே உளர். உருக்குத் துண்டுகள் வலிய காந்தப்புலத்தில் அசைந்து ஊறு விளைவிக்கக்கூடும். ஆதலின் முதற்கண் எக்ஸ் கதிர்ச் சோதனை தேவை. காந்தப் பரிவுப் படமெடுப்பது பாதுகாப்பானதென முடிவுசெய்யப்பட்ட பின்னரும், உலோகத்தைச் சூழச் சமிக்ஞையற்ற ஒரு வெறுமை தோன்றும். கணிப்பு அதனைக் காற்றெனக் கொண்டால், அருகிலுள்ள கட்டியின் வீரியம் குறைவாகவே மதிப்பிடப்படும்.

ஆகவே, திருத்திய படத்தோடு திருத்தாத படத்தையும், நலிவுப் படத்தையும் ஒப்புநோக்கல் மருத்துவரின் கடமையாகும். சராசரி உடலுக்கென வகுத்த எடுகோள், போர் வடுச் சுமந்த உடலுக்கும் தானே பொருந்துமெனக் கொள்வது அறிவியலாகாது.